அழியாத நன்றியுரை

"இந்தக் கோப்பை அழிக்க உங்களுக்கு அனுமதி இல்லை" என்றது கம்ப்யூட்டர்.

"என் வீட்டுல எனக்கே அனுமதி இல்லையா?" என்று முணுமுணுத்தார் மேனேஜர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது. பட்டப்பெயர் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

அந்தக் கோப்பு அவருடைய பிரிவு உபசார விழா வீடியோ. அதில் அவர் மைக்கைப் பிடித்து அரை மணி நேரம் நன்றி சொன்னார். மேலதிகாரிக்கு, காவலாளிக்கு, பழுதான லிஃப்டுக்குப் பதில் உழைத்த மாடிப்படிக்குக்கூட. முன்வரிசையில் புதுப்புடவையோடு உட்கார்ந்திருந்த மனைவிக்கு மட்டும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள்: "மாடிப்படி ஞாபகம் வந்துச்சு, நான் வரலையா?"

"மறந்துட்டேன்" என்றார். பச்சை உண்மை. சில இடங்களில் பொய்தான் குடும்பத்தைக் காப்பாற்றும் என்று அந்த அப்பாவிக்குத் தெரியவில்லை.

அன்றோடு பேச்சு நின்றது. அவள் உள்ளறையில், இவர் கூடத்தில். சாப்பாட்டில் உப்பு குறைந்தால் வெளியூரில் இருக்கும் மகளுக்கு மெசேஜ் போடுவார். மகள் அம்மாவுக்குப் போடுவாள். உள்ளே போன் டிங் என்னும். இவர் தண்ணீர் எடுக்க எழுந்து போகும் நேரம் பார்த்து மேசைக்கு உப்பு வந்துவிடும்.

இவர் காலையில் நடக்கப் போயிருக்கும்போது அவள் கம்ப்யூட்டரில் உட்காருவாள். 'கடைசியாகத் திறந்தவை' என்ற இடத்தில் தினமும் அந்த நன்றியுரைதான் நிற்கும். தினம் போட்டுப் பார்த்துக் கோபத்தை ஆறாமல் வைத்துக்கொள்கிறாள் என்று முடிவு கட்டினார். சாட்சியை ஒழித்தால் வழக்கு தள்ளுபடி. பிறகு அவள் பேசித்தானே ஆக வேண்டும்?

கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். அனுமதி இல்லை. பெயரை மாற்றப் பார்த்தார். அதற்கும் இல்லை. மகளுக்கு மெசேஜ் போட்டார்.

"அதை விட்டுட்டு அம்மாகிட்ட பேசுங்களேன்ப்பா" என்று பதில் வந்தது.

"அதுக்குத்தான் இதை அழிக்கறேன்" என்று தட்டினார்.

கடைசியில், எந்தப் பூட்டையும் உடைக்கும் என்று இன்டர்நெட்டில் மார்தட்டிய ஒரு புரோகிராமை இறக்கினார். அது கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, அந்த வீடியோவை ஏழாகப் பெருக்கி வைத்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. பதறிப்போய் எதையோ அழுத்த, ஏழும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தன. ஏழு மேனேஜர்கள் உச்சக் குரலில் மாடிப்படிக்கு நன்றி சொன்னார்கள்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

பிளக்கைப் பிடுங்கினார். கையில் ஒயரோடு நின்றபடி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். திட்டினாலாவது தேவலை என்றிருந்தது. உள்ளறைக் கதவு சாத்தும் சத்தம்தான் வந்தது. வீட்டில் இரண்டு பேர் இருந்தும் அவர் தனி ஆள். அந்த நேரத்தில் அது தாங்க முடியாததாக இருந்தது.

மறுநாள் தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூட்டி வந்தார். அவர் வந்து உட்கார்ந்து நாலு தட்டுத் தட்டினார்.

"காப்பியெல்லாம் போயிடுச்சு சார்."

"அசல்?"

கடைக்காரர் பிடரியைச் சொறிந்தார். "அது இருக்கட்டுமே சார்."

"ஏன், உங்களாலயும் முடியலையா?"

"முடியும். ஆனா பூட்டினதே நான்தான். போன மாசம் நீங்க வெளியில போயிருந்தப்ப, அம்மா கூப்பிட்டு யாரும் அழிக்க முடியாதபடி பண்ணச் சொன்னாங்க."

மேனேஜருக்கு முகம் சுண்டிப்போனது. "காலத்துக்கும் குத்திக் காட்டணும்னுதானே?"

"நானும் காரணம் கேட்டேன் சார்" என்றார் கடைக்காரர், உள்ளறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தி. "இந்த வீட்டுல உங்க குரல் இப்ப இதுல மட்டும்தான் கேக்குதாம்."