தவளைச் சாமுராயை விற்றவன் யார்?

"என் பொருளை நானே காசு குடுத்து வாங்கணுமா? இது எந்த ஊர் நியாயம்?"

ஒசாகாவில், நிப்பொன்பாஷித் தெருவின் பழைய வீடியோ கேம் கடை. கல்லாவில் இருந்த பெண் மிரண்டுபோனாள். எதிரே மூக்கு விடைக்க நின்ற கென்சாகுவின் கையில் ஒரு கேம் காசெட். ‘தவளைச் சாமுராய்’. ஓட்டை உடைசல் கூடையின் அடியிலிருந்து அதைத் தோண்டி எடுத்திருந்தான். காசெட்டின் முதுகில் கறுப்பு மார்க்கரால் கோணல்மாணலாக எழுதியிருந்தது: நாலாம் வகுப்பு, இரண்டாம் பிரிவு, கென்சாகு.

"பாரும்மா, என் பேரு! என் கையெழுத்து! சின்ன வயசுல ஒருத்தன் இரவல் வாங்கிட்டுப் போனான். திருப்பித் தரவே இல்ல!"

"எழுநூறு யென், சார்," என்றாள் அவள்.

பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தான்.

அந்தக் காலத்தில் பிள்ளைகள் எல்லாருமே காசெட்டில் பேர் எழுதித்தான் இரவல் கொடுப்பார்கள். வாங்கிப் போனவன் அமுக்கிவிட்டால் அவனோடு ஜென்மத்துக்கும் பேச்சு கிடையாது. கென்சாகுவால் அப்படி இருக்க முடியவில்லை. ஏனென்றால் அமுக்கிய தத்சுவோ, பின்னாளில் அவனுடைய தங்கை சடோமியையே கட்டிக்கொண்டுவிட்டான். கல்யாணத்தன்று, "காசெட்டும் போச்சு, தங்கச்சியும் போச்சு" என்று கென்சாகு முணுமுணுத்தது மூன்று மேசை தள்ளிக் கேட்டது.

இன்றைக்குத் தடயம் கையிலேயே சிக்கிவிட்டது. சும்மா விடுவானா?

தத்சுவோவின் ஓகோனோமியாக்கி கடையில் மத்தியானக் கூட்டம். இரும்புக் கல்லில் முட்டைக்கோஸ் அடை புகைந்துகொண்டிருந்தது. கென்சாகு காசெட்டைக் கல்லுக்குப் பக்கத்தில் டொக்கென்று வைத்தான்.

"இது என்னன்னு தெரியுதா, மாப்பிள்ளை?"

"டேய் மச்சான், சூடா இருக்கு, உருகிடும், எடு!"

"பேச்சை மாத்தாதே! இரவல் வாங்கின காசெட்டை வித்துத் தின்னுட்டியேடா, திருட்டுப் பயலே!"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அடுத்த திங்கக்கிழமையே திருப்பிக் குடுத்தேன்டா! உங்கம்மா கைல குடுத்தேன்!" என்று தோசைக்கரண்டியை ஓங்கினான் தத்சுவோ.

"எங்கம்மாவை ஏன் இழுக்கற?"

"இழுத்துத்தான் பார்ப்போமே," என்றாள் அடை பரிமாறிக்கொண்டிருந்த சடோமி. உடனே அம்மாவுக்குப் போனைப் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்தாள்.

"தத்சுவோ குடுத்தானே. நான்தான் உன் பெட்டியில போட்டேன்," என்றாள் அம்மா. "போன வருஷம் வீட்டைக் காலி பண்ணப்போ அந்தப் பெட்டியை உன் வீட்டுக்கே அனுப்பிட்டேனே. யுகாரிதான் வாங்கி வெச்சா."

"மன்னிப்புக் கேளுங்க, அண்ணா," என்றாள் சடோமி.

மன்னிப்பா? கென்சாகுவின் கோபம் அதற்குள் வண்டி மாறி ஏறிவிட்டது. யுகாரி அவனுடைய மனைவி. வீட்டில் ஒரு ரூம் முழுக்க அவன் பழைய வீடியோ கேம் மிஷின்களாகச் சேர்த்து வைத்திருந்தது அவளுக்கு ஆகாது.

"ஓஹோ! அப்போ வீட்டுக்குள்ளேயே ஆளா? ‘ரூமை அடைச்சிட்டு, ரூமை அடைச்சிட்டு’ன்னு தினம் புலம்புவா. கமுக்கமா வித்துட்டா பாரு!"

"அண்ணி, உடனே நம்ம கடைக்கு வாங்க," என்று சடோமி போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். "அண்ணனுக்கு மறை கழண்டுடுச்சு."

யுகாரி வந்த வேகத்தில் வாசல் திரை அறுந்துவிடும் போல ஆடியது.

"நானா வித்தேன்? நானா? அந்த ரூம் வாசப்படியை நான் மிதிச்சே ஆறு வருஷம் ஆச்சு!"

"அம்மா அனுப்பின பெட்டி எங்க?"

"ஹால்ல நீங்க ஏலத்துல எடுத்த பழைய காசெட் குப்பைப் பெட்டிங்க மலையாக் கிடக்குதே, அதோட வெச்சேன். வேற எங்க வைக்கறது, என் தலைமேலயா? துணி காயப்போட இடமில்ல. உங்க பழைய மிஷின் பதினெட்டும் மெத்தை போட்டுத் தூங்குது, என் பிள்ளை தரையில படுக்கறான்!"

"பேச்சை மாத்தாதே. வித்தியா, இல்லையா?"

யுகாரியின் குரல் சட்டென்று தணிந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"வாங்க, அந்தக் கடைக்கே போவோம். நான் வித்தேன்னு ஆச்சுன்னா எல்லார் முன்னாலயும் மண்டி போட்டு, தலையைத் தரையில வெச்சு மன்னிப்புக் கேக்கறேன். தத்சுவோ வித்திருந்தா அவர் கேக்கட்டும். ரெண்டு பேரும் இல்லேன்னா அந்த ரூம் என் பிள்ளைக்கு. ஒரு ஒயர்கூட மிஞ்சக் கூடாது."

அந்த ரூமில் இருந்தவை எல்லாம் கென்சாகு இருபது வருஷமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவை. தினம் ராத்திரி பஞ்சை நனைத்து ஒவ்வொன்றையும் துடைத்துவிட்டுத்தான் படுப்பான். ஆனால் கடை முழுக்க அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சரி! சம்மதம்!"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். அதில் பாதிப் பேர் அடையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். ஒசாகாக்காரர்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

கேம் கடையில், பழைய சாமான் வாங்கும் பிரிவில் கண்ணாடி போட்ட ஓர் ஒல்லி ஆள் இருந்தான். கென்சாகு காசெட்டை அவன் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"இதை உங்ககிட்ட வித்தது யாரு?"

அவன் காசெட்டைப் பார்த்தான், கென்சாகுவைப் பார்த்தான், பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தான். இடுப்பை வளைத்து வணங்கினான்.

"வித்தவங்க விவரத்தை வெளிய சொல்லக் கூடாது, சார். கடை விதி."

"விதியா! என் குடும்பமே ரெண்டாகிக் கிடக்கு, விதி பேசறியா? பேரு வேண்டாம். அந்த ஆளு இந்தக் கூட்டத்துல இருக்கா? அதையாவது சொல்லு!"

அவன் கூட்டத்தை இன்னொரு தடவை பார்த்தான். "இருக்காங்க, சார்."

கூட்டம் ‘ஓ’வென்றது. தத்சுவோ யுகாரியைப் பார்த்தான். யுகாரி தத்சுவோவைப் பார்த்தாள். கென்சாகுவின் நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது.

"கேட்டீங்களா எல்லாரும்? நான் சொன்னா பைத்தியக்காரன்! இப்போ கையைக் காட்டு, தம்பி. யாரா இருந்தாலும் சரி, தயவு தாட்சண்யமே பார்க்காதே!"

"தனியா வந்தீங்கன்னா சொல்றேன், சார்..."

"தனியாவா? ஊரறியச் சொல்லணும்! சத்தமாச் சொல்லு!"

அந்த ஆள் இன்னொரு தடவை, முன்னைவிடத் தாழ்வாக வணங்கினான்.

"போன மாசம் நீங்கதானே, சார், ‘எந்தத் தறுதலைப் பசங்களோ பேரைக் கிறுக்கி நாசம் பண்ணது, படிக்கக்கூட அருவருப்பா இருக்கு, ஏலத்துல வந்த குப்பை, என் ரூமுக்கு ஆகாது’ன்னு ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து கொட்டினீங்க... விக்கறதுக்கு இன்னும் ஏதாவது இருக்கா, சார்?"