நீலக் கதவைப் பார்த்தவர்கள்

தாய்நாட்டையே அறியாதவர்கள் மணவாழ்க்கையை மட்டும் எப்படி அறிவார்கள் என்ற ஆழ்ந்த கவலை ஒருநாள் அரசாங்கத்துக்கு வந்தது. ஆகவே, திருமணத்தைப் பதிவு செய்ய விரும்புவோர் ஏழு பாரம்பரியச் சின்னங்களை நேரில் கண்டு, ஏழு முத்திரைகள் பெற்று வரவேண்டும் என ஆணை பிறந்தது.

அரேகிப்பா நகரில் பூசணி வளையம் பொரித்து விற்கும் ஹசிந்தாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மூன்று சக்கர டாக்ஸிகளைப் பழுதுபார்த்து வண்ணமடிக்கும் தெமெத்ரியோவோடு பதினோரு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறாள். காகிதம் எதுவும் தேவைப்படவில்லை. போன வருஷம் பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, "நீங்க யாரு? சொந்தமா?" என்று கேட்டு அவனை நான்கு நாள் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே அவள் தனியாகக் கிடந்தாள். வீடு திரும்பியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "யோவ், நாளைக்கே பதிவாபீஸ் போறோம்."

போனார்கள். ஆளுக்கொரு முத்திரைப் புத்தகம் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

கூஸ்கோவின் கல்சுவருக்கு முன்னால் மலையுயரம் ஒத்துக்கொள்ளாமல் இருவரும் வாந்தியெடுத்தார்கள், முத்திரை கிடைத்தது. நாஸ்காவில் தரையில் வரைந்த பழங்கால மண்கோடுகளைப் பார்க்கக் கோபுரம் ஏறி, முன்னால் நின்ற மாப்பிள்ளையின் தொப்பியைப் பார்த்தார்கள், முத்திரை கிடைத்தது. இப்படியே ஆறு.

ஏழாவது, வடக்குக் கடலோரத்தில் புனித எலோய்சா கோட்டை. ஒன்றரை நாள் பஸ்ஸில் உட்கார்ந்து இறங்கினால் வெறும் பொட்டல். நடுவில் ஒரு குடை, குடைக்குக் கீழே ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் அதிகாரி லிசாந்த்ரோ.

"கோட்டை எங்கய்யா?" என்றாள் ஹசிந்தா.

"அது எங்க தாத்தா காலத்துலயே பூகம்பத்துல போயிடுச்சும்மா."

"அப்புறம் எதுக்குப் பட்டியல்ல போட்டீங்க?"

"பட்டியல் தலைநகர்ல தயாராச்சு. அங்கேருந்து பார்த்தா தெரியல போல."

"இல்லன்னு எழுதிப் போட வேண்டியதுதானே?"

"இல்லாத கோட்டைக்கு அதிகாரி எதுக்குன்னு கேப்பாங்களே!" என்று ஆளுக்கொரு படிவத்தை நீட்டினார். "பதினாறாவது கேள்விக்கு மட்டும் பதில் போதும். வாயிற்கதவின் நிறம் யாது?"

"கதவே இல்லையேய்யா."

"அப்படி எழுதினா நீங்க பார்க்கலைன்னு அர்த்தம்."

ஹசிந்தா ஆஸ்பத்திரி வாசலை நினைத்தாள். 'நீலம்' என்று எழுதினாள். அதே நேரத்தில் தெமெத்ரியோ 'பச்சை' என்று எழுதியிருந்தான்.

லிசாந்த்ரோ உதட்டைப் பிதுக்கினார். "ஒரே கதவை ரெண்டு பேரும் ரெண்டு நிறத்துல பார்த்தா, ஒத்து வாழத் தகுதியில்லன்னு விதி இருக்கு."

"பச்சையில எவன்யா கோட்டைக்குக் கதவு வைப்பான்?" என்று ஹசிந்தா அவன் பக்கம் திரும்பினாள்.

"கடல்காத்துக்கு நீலம் ஆறு மாசம் நிக்காது. பெயின்ட்டைப் பத்தி எனக்கே சொல்லித்தர்றியா?"

"பதினோரு வருஷத்துல ஒரு தடவையாவது விட்டுக்கொடுத்திருக்கியா நீ?"

வரிசையில் பின்னால் நின்ற ஜோடிகளும் நீலக்கட்சி, பச்சைக்கட்சி என்று பிரிந்தன. ஒரு பெண் மோதிரத்தைக் கழற்றி வீசினாள். ஹசிந்தா கத்திக் கத்தி, தையல் போட்ட இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டாள். தெமெத்ரியோ அந்தக் கையைப் பார்த்தான். பேனாவை எடுத்து, 'பச்சை' என்ற சொல்லை அடித்துத் திருத்தினான்.

"யோசிச்சுப் பார்த்தா நீலந்தான்," என்றான்.

முத்திரை விழுந்தது. வரிசையில் நின்றவர்களும் பிறகு வந்தவர்களும் வம்பெதற்கென்று நீலமே எழுதினார்கள். கல்யாணம் ஆயிற்று.

எட்டு மாதம் கழித்து அவள் கடைக்கு இன்ஸ்பெக்டர் வல்தெரமா, கோட்டைப் படிவங்களைச் சேர்த்துத் தைத்த தடித்த பதிவேட்டோடு வந்தார். பாரம்பரியத் துறை தணிக்கை செய்ததில், ஒன்பதாயிரம் குடிமக்கள் கண்ணால் கண்ட நீலக் கதவு களத்தில் காணப்படவில்லை. ஆகவே களவு போயிருக்கிறது.

"பார்த்தவங்க எல்லாருமே சந்தேகத்துல இருக்கீங்க," என்றார்.

"பார்க்காதவங்க?"

"அவங்களை விட்டாச்சு. அவங்களுக்குக் கல்யாணமே ஆகலையே, பாவம்."

ஹசிந்தா அவர் விரலில் இருந்த புது மோதிரத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு எப்ப ஆச்சு?"

"மார்ச்சுல," என்றவர் நிறுத்தினார். மெதுவாகப் பக்கங்களைப் புரட்டினார். அவருடைய கையெழுத்திலேயே இருந்தது: 'நீலம். திறக்கும்போது கிரீச்சிடும்.'

பதிவேட்டை மூடினார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"நல்ல கதவும்மா அது," என்றார். "எந்தப் பாவி கொண்டுபோனானோ."

ஹசிந்தா எண்ணெயில் வளையங்களைப் புரட்டிவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"ஒருத்தன் வேலை இல்லைங்க," என்றாள். "என்ன கனம் அது! நாலு பேர் இல்லாம தூக்கியிருக்கவே முடியாது."