இடது பக்க சைலன்சர்

மனைவியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல், அவளை என் மோட்டார் சைக்கிளின் பின் சீட்டிலிருந்து நிரந்தரமாக இறக்கிவிடுவது என்று போன மாதம் ஒரு திங்கட்கிழமை முடிவெடுத்தேன். எதிர்த்துப் பேசாமல் என்பதுதான் இதில் முக்கியம். எதிர்த்துப் பேசி ஒருமுறை பார்த்திருக்கிறேன். அந்தக் கதை இப்போது வேண்டாம்.

நான் எடைக்கல் ஆய்வாளர். கடைக்காரர்களின் தராசும் படிக்கல்லும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. நான் கடைவீதியில் நுழைந்தால் தராசு முள்ளெல்லாம் தானாக நிமிர்ந்து நிற்கும். வீட்டில் என்னை நிறுத்துப் பார்ப்பவள் என் மனைவி. பதினெட்டு வருடமாக நிறுத்துக்கொண்டிருக்கிறாள். ஒருநாள்கூட எடை சரியாக இருந்ததில்லை.

அவளுக்குக் கண் ஆஸ்பத்திரியில் வேலை. ஆட்களை நாற்காலியில் உட்கார வைத்து, சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லுவாள். எத்தனையோ பேர் எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிப்பார்களாம். முதல் வரியிலேயே பிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் பொய் சொல்லி ஜெயிக்கலாம் என்று நான் நினைத்தேன் பாருங்கள், என் கண்ணைத்தான் முதலில் பரிசோதித்திருக்க வேண்டும்.

என் வண்டிக்கு நாற்பத்தாறு வயது. என்னைவிட இரண்டு வயது மூத்தது. கறுப்பு டேங்க், ஒற்றை சிலிண்டர். கிளப்புவதற்குக் குறைந்தது ஏழு உதை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அதை உதைத்துக் கிளப்பி, ஏரிக்கரைச் சாலையில் தனியாகப் போய்விட்டு எட்டு மணிக்குத் திரும்புவேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது. அதுதான் அதன் அழகே. வாரத்தில் இருக்கிற நூற்று அறுபத்தெட்டு மணி நேரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் யாரும் என்னை எதுவும் கேட்காத நேரம். அதற்காகத்தான் மற்ற நூற்று அறுபத்தாறையும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமைக்கு மூன்று மாதம் முன்னால் அதில் மண் விழுந்தது.

"ஏங்க, சும்மாதானே போறீங்க?"

"சும்மான்னு இல்ல..."

"வேற எதுக்கு?"

சும்மா போவதற்கு யாரால் காரணம் சொல்ல முடியும்? அவள் காய்கறிப் பையோடு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். முதல் வாரம் சந்தை. அடுத்த வாரம் சந்தையும் தையல் கடையும். அதற்கடுத்த வாரம் சந்தை, தையல் கடை, அவள் தங்கை வீடு. ஏரிக்கரை போன இடம் தெரியவில்லை.

இரண்டு காலையும் இடது பக்கம் தொங்கவிட்டு, ஒருக்களித்து உட்கார்ந்து வருவாள். ஒரு கை என் தோளில். வாய் என் காதில்.

"மூணுக்கு மாத்துங்க. இஞ்சின் அழுவுது."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏன் அழவிடுறீங்க?"

இப்படியே மூன்று மாதம் போனது. இஞ்சின் அழுதது அவளுக்குக் கேட்டது. நான் அழுதது கேட்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை ஒரு மளிகைக் கடை வாசலில் வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா வண்டிக்கும் சைலன்சர் வலது பக்கம். ஒருக்களித்து உட்காருகிறவர்கள் காலை இடது பக்கம் போடுவதால்தான் அது வலது பக்கம் இருக்கிறது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. அப்படியானால் சைலன்சரை இடது பக்கம் கொண்டுபோனால்? அதுவும் தாழ்வாக இல்லாமல், பின் சீட்டை ஒட்டினாற்போல் உயரமாக? கொதிக்கிற குழாயின் மேல் யார் காலைத் தொங்கவிடுவார்கள்? நான் ஒன்றும் சொல்ல வேண்டாம். குழாயே சொல்லிவிடும்.

அன்று மாலை அவளிடம் ஆரம்பித்தேன்.

"வண்டிக்கு மூச்சு முட்டுது."

"யாருக்கு?"

"வண்டிக்கு. புகை போற வழி சரியில்ல. வலது பக்கமாப் போறதால இஞ்சினுக்கு அழுத்தம் ஜாஸ்தி. இடது பக்கம் மாத்திட்டா நல்லா மூச்சு விடும்."

"நாப்பத்தாறு வருஷமா விடலையா?"

"விட்டுது. கஷ்டப்பட்டு விட்டுது. வெளிய சொல்லிக்கல."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "வெளிய சொல்லிக்காம கஷ்டப்பட்டுச்சா? பாவம். மாத்திடுங்க."

இவ்வளவு சுலபமாக அவள் சம்மதித்தது எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை. நான் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் மூளை வேலை செய்யவில்லை.

எங்கள் பக்கத்தில் சைலன்சர் வேலைக்கென்றே ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரை 'சைலன்சர் டாக்டர்' என்பார்கள். முப்பது வருடமாகக் குழாய்ச் சத்தத்திலேயே இருந்ததில் காது பாதி போய்விட்டது. அதனால் அவர் ரகசியம் பேசினாலே தெருமுனை வரை கேட்கும்.

"இடது பக்கமா?" என்று கத்தினார். "வீட்ல அக்கா பின்னாடி உட்காருவாங்களே சார்?"

"மெதுவாப் பேசுங்க. உட்கார மாட்டாங்க."

"கோச்சுக்கிட்டுப் போயிட்டாங்களா?"

"இல்லைங்க. வண்டிக்கு மூச்சு முட்டுது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வேலையை ஆரம்பித்தார். நீளக் குழாயில் காய்ந்த மணலை இறுக்கி நிரப்பி, இரண்டு முனையையும் அடைத்து, நெருப்பில் காட்டிச் சிவக்க வைத்து வளைத்தார். மணல் இல்லாமல் வளைத்தால் குழாய் நசுங்கிவிடுமாம். சிலிண்டரிலிருந்து கிளம்பி, வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி, இடது பக்கம் ஏறி, பின் சீட்டை உரசிக்கொண்டு போனது குழாய். ஓட்டுகிறவன் தொடைக்குக் கொஞ்சம் விலகியும், பின்னால் உட்காருகிறவர் காலுக்கு நேராகவும் வரும்படி மூன்று முறை அளந்து பார்த்தேன். அளவு பார்ப்பதுதானே என் தொழில்.

"குழாய் மேல தகடு போட்டுரலாமா சார்? சுடாம இருக்கும்."

"வேண்டாம்."

"கால் பட்டா வெந்துரும் சார்."

"வேகட்டும்."

அவர் இரண்டு அடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார்.

அதோடு நான் நிறுத்தவில்லை. சத்தத்தை அடக்குவதற்காக சைலன்சருக்குள் ஒரு சின்னக் குழல் இருக்கும். அதையும் உருவச் சொன்னேன். எப்படியாவது அவள் ஏறிவிட்டாலும், அவள் பேசுவது என் காதில் விழாது அல்லவா? இரட்டைப் பாதுகாப்பு. வண்டியைக் கிளப்பியபோது எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவர் கிளாசைக் கீழே போட்டார். எனக்குக் காதில் தேன் பாய்ந்தது.

புதன்கிழமை மாலை வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தினேன். அவள் வெளியே வந்தாள். வழியெல்லாம் பழகிக்கொண்டு வந்த சோக முகத்தை மாட்டிக்கொண்டேன்.

"கிட்ட வராத. சுடும்."

கைவிரலில் தண்ணீர் தொட்டுக் குழாயின் மேல் தெளித்தாள். சுர்ரென்றது.

"எனக்கும் இப்பத்தான் தெரிஞ்சுது," என்றேன். "மூச்சு நல்லா விடுது. ஆனா உன்னால உட்கார முடியாது போலிருக்கே. மனசே சரியில்ல எனக்கு."

குழாயை ஒரு முறை பார்த்தாள். வண்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போய் நின்று ஒரு முறை பார்த்தாள். பிறகு ஆஸ்பத்திரிக் குரலில் கேட்டாள்.

"அப்ப இது ஒருத்தர் மட்டும் போற வண்டி."

"ஆமா."

"ரெண்டு பேர் போக முடியாது."

"எப்படி முடியும்?"

"அவசரமில்ல, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ரெண்டு பேரா, ஒருத்தரா?"

"ஒருத்தர்தான். நல்லாத் தெரியுது."

"சரி," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு நான் சாப்பிட்ட சாப்பாடு மாதிரி என் வாழ்க்கையில் சாப்பிட்டதில்லை. எதைச் சாப்பிட்டேன் என்றுதான் தெரியவில்லை.

ஞாயிறு வந்தது. ஐந்தரைக்கே எழுந்து, குளித்து, ஒரு சாக்ஸைப் போட்டுக்கொண்டு இன்னொன்றைக் கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தேன். வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. ஒரே உதை.

ஓடினேன். என் ஜெர்கின், என் ஹெல்மெட், என் வண்டி. உள்ளே என் மனைவி.

"என்ன பண்ற?"

"என்ன?" என்று கத்தினாள். குழலை உருவியாகிவிட்டதல்லவா, ஒன்றும் கேட்கவில்லை. இஞ்சினை அடக்கினாள். "கிளம்புறேன்."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"எங்க அப்பா பால் ஊத்தினாரே, அது இதே மாதிரி வண்டியிலதான். ரெண்டு பக்கமும் நாப்பது நாப்பது லிட்டர் கேன். மூணு வருஷம் நான்தான் ஓட்டினேன். லைசென்ஸ்கூட பீரோவுல இருக்கே, பார்த்ததில்லையா?"

கல்யாணமாகிப் பதினெட்டு வருடமாகிறது. பீரோவில் என் பக்கம் ஒரு தட்டுதான். அதற்கு மேலே கை வைத்ததில்லை.

"அப்ப நான்?"

"நீங்கதானே சொன்னீங்க, ஒருத்தர்தான்னு."

"அந்த ஒருத்தர் நான்னு நினைச்சேன்."

"சொல்லலையே. நான் ரெண்டு தடவை கேட்டேன்."

காய்கறிப் பையையும் ஒரு துண்டுச் சீட்டையும் என் கையில் கொடுத்தாள். சந்தை, தையல் கடை, தங்கை வீடு. பஸ் ஆறேகாலுக்கு என்று கடைசி வரியில் எழுதியிருந்தது. நான் ஒற்றைச் சாக்ஸோடு நின்றேன். அவள் போய்விட்டாள்.

போய்விட்டாள் என்றால், கண்ணுக்குத்தான். காதுக்கு எங்கும் போகவில்லை. குழல் உருவிய சைலன்சராயிற்றே. பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அவள் பாலத்தில் ஏறுவது கேட்டது. பஸ்ஸில் நசுங்கும்போது ஏரிக்கரையில் மூன்றாம் கியருக்கு மாற்றுவது கேட்டது. இஞ்சின் அழவேயில்லை. ஒரு இடத்தில்கூட. சிரித்துக்கொண்டு போனது.

சந்தையில் இன்னொரு அநியாயம். அவள் போனால் எடைக்கு மேல் ஒரு பிடி போடுவார்கள். நான் போனதும் கடைக்காரர் எழுந்து நின்று, முள்ளைக் கண்ணருகில் வைத்துப் பார்த்து, அதிகமாக இருந்த ஒரு பச்சை மிளகாயைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"சார், எடை கரெக்டா இருக்கு. வேணும்னா செக் பண்ணிக்குங்க."

வீட்டுக்கு வந்து சேரும்போது மணி பத்து. அவள் எட்டுக்கே வந்து, வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். முகம் காற்றில் சிவந்திருந்தது. அப்படியொரு முகத்தை நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது.

"என்ன வாங்கின?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வாங்கல. சும்மா போயிட்டு வந்தேன்." பிறகு மெதுவாகச் சொன்னாள், "முன்னாடி உட்கார்ந்து பார்த்தா ரோடு நல்லாத்தாங்க இருக்கு. இத்தனை நாளா உங்க முதுகைத்தானே பார்த்துக்கிட்டு வந்தேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஏரிக்கரைக்கு அவளை ஒருநாள் கூப்பிட்டிருக்கலாம். சந்தைக்கு ஏன் வருகிறாள் என்று கோபப்பட்டேனே தவிர, சந்தை இல்லாமல் எங்காவது போகலாமா என்று கேட்டதேயில்லை. வெட்கம் ஒரு வாரம் இருந்தது. அடுத்த ஞாயிறு மறுபடியும் ஆறேகால் பஸ்ஸில் ஏறியதும் போய்விட்டது.

மூன்றாவது ஞாயிறு பஸ்ஸில் என் காலை மிதித்தவர் இறங்கும் வரை எடுக்கவில்லை. திங்கட்கிழமை நேரே சைலன்சர் டாக்டரிடம் ஓடினேன்.

"பழையபடி வலது பக்கமே மாத்திடுங்க."

"முடியாது சார்," என்று தெருவுக்கே அறிவித்தார். "அக்கா முந்தாநாள் வந்தாங்க. நீங்க வருவீங்கன்னு சொன்னாங்க. மாத்தக் கூடாதுன்னுட்டாங்க. வண்டி இப்பத்தான் நல்லா மூச்சு விடுதாம்."

நான்காவது ஞாயிறு. மானம் ரோஷம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். அவள் ஹெல்மெட் வாரைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நானும் வரட்டுமா? ஏரிக்கரையைப் பார்த்து நாலு மாசமாச்சு."

"வாங்களேன். நான் வேண்டாம்னா சொன்னேன்?"

"எப்படி வர்றது? காலை ரெண்டு பக்கமும் போட்டா இடது கால் வெந்துரும்."

"யார் ரெண்டு பக்கமும் போடச் சொன்னது? ரெண்டையும் வலது பக்கம் தொங்கவிட்டு ஒருக்களிச்சு உட்காருங்க. அந்தப் பக்கம் காலியாத்தானே இருக்கு."

வலது பக்கத்தைப் பார்த்தேன். குழாய் போன பிறகு விஸ்தாரமாக, காலியாகத்தான் இருந்தது.

"இது உனக்கு எப்ப தெரிஞ்சுது?"

"வண்டியக் கொண்டாந்து நிறுத்தினீங்களே, அன்னிக்கே சுத்திப் பார்த்தேனே," என்றாள் அவள். "பையை மடியில வச்சுக்கிட்டு ஏறுங்க."