பூஜையில் வைத்த போன்

சரஸ்வதி படத்துக்கு முன்னால், பொரிகடலைத் தட்டுக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் நடுவில், நெற்றி நிறையச் சந்தனமும் குங்குமமுமாகச் செண்பகத்தின் போன் அலறியது.

திரையில் கணவர் வெள்ளைத்துரையின் முகம். தி.நகரில் துணிக்கடை வைத்திருப்பவர், கடைப் பூஜைக்காக இப்போதுதான் வீட்டிலிருந்து கிளம்பிப் போயிருந்தார்.

செண்பகம் கையை நீட்டினாள்.

"அம்மா! தொடாதே!" ஒன்பதாம் வகுப்பு புகழேந்தியும் மூன்றாம் வகுப்பு சிந்துவும் சேர்ந்து கத்தினார்கள். "நாளைக்குப் புனர்பூஜை பண்ணிட்டுத்தான் எடுக்கணும். நீதானே சொன்னே?"

சொன்னவள் அவள்தான். புகழேந்திக்கு ஓயாத தலைவலி, தூக்கம் கிடையாது. சிந்து சாப்பாட்டுக்கு வாய் திறக்க வேண்டுமென்றால் எதிரே திரையில் ஏதாவது பொம்மை ஆட வேண்டும். "கொஞ்ச நாளைக்குப் போனை விட்டுப் பசங்களை விலக்கி வைங்க" என்று கண் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கெஞ்சியாயிற்று, அரிசி டப்பாவில் ஒளித்தும் ஆயிற்று. பலனில்லை. பூஜையில் வைத்த புத்தகத்தை அன்றைக்குப் படிக்கக் கூடாது அல்லவா? அந்தச் சட்டத்தைத்தான் போன்கள் மீது பாய்ச்சினாள்.

"பாடமெல்லாம் இதுலதானே வருது? அப்ப இதுவும் புத்தகந்தான். வை சாமிகிட்ட!"

புகழேந்தி முரண்டு பிடிக்கவில்லை. "சரிம்மா. கோலம், ராசிபலன், ரசப்பொடி எல்லாம் உன் போன்லதானே பாக்கறே? அப்ப அதுவும் புத்தகந்தான்" என்று அதையும் வாங்கி வைத்துப் பொட்டும் இட்டுவிட்டான்.

போன் மறுபடி அலறியது.

"எடுத்துக்கோம்மா" என்றான் இப்போது, பெரிய மனது பண்ணி. "நீ எடுத்தா நாங்களும் எடுத்துப்போம்."

செண்பகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோற்றால் இந்த ஒரு நாளும் போச்சு. விடுவிடென்று எதிர் வீட்டு ஸ்ரீரஞ்சனி மாமியிடம் ஓடினாள்.

"மாமி, அவருக்கு ஒரு போன் பண்ணணும்."

"பேஷா பண்ணேன். நம்பர் சொல்லு."

செண்பகம் விழித்தாள். "தொண்ணூத்தி எட்டுன்னு ஆரம்பிக்கும் மாமி."

"நன்னாருக்கு போ! ஆத்துக்காரர் நம்பரே தெரியாதாடி நோக்கு?"

தெரிந்த ஒரே நம்பரை மாமியின் போனில் அழுத்தினாள். சரஸ்வதி முன்னால் மணி அடித்தது. அது அவளுடைய நம்பர்.

திரும்பி வந்தவளுக்கு ஒரு யோசனை. விரல்தானே படக்கூடாது? படையல் தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து, தோலை உரித்து, அதன் மூக்கால் திரையைத் தேய்த்தாள். பழத்துக்குக் கட்டுப்பட்டது போன். ஆனால் அதற்குள் அவர் அழைப்பு நின்றுவிட்டிருந்தது. பழம் வழுக்கிக்கொண்டு போய்க் குடும்பக் குழுவுக்கு வீடியோ கால் போட்டுவிட்டது.

அது தெரியாமல் செண்பகம் பொரிந்தாள். "எல்லாம் இவரோட அக்கா குடுத்த செல்லம்! தம்பி தம்பின்னு தலையில தூக்கி வெச்சு ஆடினாங்கல்ல? ஒரு காரியம் தனியா செய்யத் துப்பில்ல!"

"யாரு, செண்பகமா?" என்றது சாமி அலமாரி. "சொல்லு, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

பாலவாக்கத்து நாத்தனார்! பின்னாலேயே நாத்தனாரின் மாமியார் இருமும் சத்தம். சித்தப்பா ஒருவர், "என்னம்மா, வெறும் வாழைப்பழமாத் தெரியுது?" என்றார்.

பதறிப்போய் அணைக்கப் பார்த்தாள். பழம் திரை முழுக்க அப்பியதுதான் மிச்சம். நடுவில் கணவர் குரல் வந்தது.

"ஏளா! கடைச் சாவியை மேஜை மேலேயே விட்டுட்டேன். ஐயரு பூசணிக்காயோட பூட்டின கடை வாசல்ல நிக்காரு!"

பிள்ளைகளைப் போன்களோடு தனியே விட்டுப் போக முடியுமா? இருவரையும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டு, பூக்கடைக் கூட்டத்திலும் பூசணிக்காய்ச் சிதறலிலும் புகுந்து நடந்தாள். வழி நெடுக வாய் ஓயவில்லை. சிக்னலில் நின்று திட்டினாள். கடையில் சுண்டல் கொடுத்தபடி திட்டினாள். "உங்களுக்காகத்தானேடா இந்தப் பாடு படறேன்! உங்க அத்தை மூஞ்சியில இனி நான் எப்படி முழிப்பேன்?" என்று ராத்திரி தோசை வார்த்துப் போட்டபடி திட்டினாள். சிந்து தோசை மேல் தோசையாக உள்ளே தள்ளினாள். புகழேந்தி திட்டைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனான்.

மறுநாள் புனர்பூஜை. கற்பூரம் அணைவதற்குள் செண்பகம் தன் போனை எடுத்து, முந்தானையால் வாழைப்பழத்தைத் துடைத்தாள். நாத்தனார் மட்டுமே மலைபோல் மெசேஜ் அனுப்பியிருந்தாள். படிக்கப் படிக்க மூக்கு விடைத்தது.

"எடுத்துக்குங்க, எடுத்துத் தொலைங்க" என்றாள் குனிந்த தலை நிமிராமல். "மறுபடி தலைவலின்னு மட்டும் எங்கிட்ட வராதீங்க!"

இருவரும் அலமாரிப் பக்கம் கையே நீட்டவில்லை.

"என்ன, எடுக்கலையா?"

"இன்னிக்கும் சாமிகிட்டயே இருக்கட்டும்மா. உன்னோடதையும் வெச்சிடு" என்றாள் சிந்து. "நேத்து மட்டுந்தான் நீ எங்க மூஞ்சியைப் பார்த்துத் திட்டினே."