றப்பர் மேளத்தாரும் தெகிவளை ரயிலும்

அக்கம்பக்கத்துக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்து பயந்து மேளம் அடித்த மனிதர் இந்த இலங்கைத் தீவிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் றப்பர் மேளத்தார். இதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன்.

சண்டைக் காலத்தில், வெள்ளவத்தையில் ரயில் பாதையோரம் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். மேல் அறையில் அவர். கீழ் அறையில் நான், சட்டை தைத்துக்கொண்டு. பகலில் அவருக்கு இரும்புக் கடையில் வேலை. சனி ஞாயிறுகளில் கலியாண வீடுகளில் ஒரு பாண்ட் கோஷ்டியோடு ட்ரம்ஸ் அடிப்பார்.

கனடாவிலிருந்து அவருடைய மச்சான் எலக்ட்ரோனிக் ட்ரம்ஸ் ஒன்று அனுப்பினார். ஐந்து கறுப்பு றப்பர் தட்டு, ஒரு பெட்டி, ஒரு மூட்டை வயர். அந்த நாளில் வயரோடு பெட்டி கொண்டு வருவதென்றால் சும்மா காரியமா? சென்றியில், ஆமியின் சோதனைச் சாவடியில், ஓட்டோவை மறித்தார்கள்.

"மே மொகக்த?" என்று, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டார் ஆமிக்காரர்.

மேளம் என்றார் இவர். ஆமிக்காரர் தட்டிப் பார்த்தார். சத்தமில்லை. கரண்ட் இல்லாமல் சத்தம் வராது என்று சிங்களத்தில் சொல்லத் தெரியாததால், இவர் றோட்டில் குந்தியிருந்து தட்டில் அடித்து, சத்தத்தை வாயால் போட்டுக் காட்டினார். ஒரு பைலா ஆட்டப் பாட்டு முழுக்க. இன்னொன்றும் அடிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான், "ஹரி, யன்ன" என்று போகவிட்டார்கள்.

ஹெட்போன் மாட்டினால் மேளம் காதுக்குள் மட்டும்தான் கேட்கும். ஆனால் தடி றப்பரில் விழும் டொக்கு டொக்கு பலகைத் தளத்தால் கீழே இறங்கியது. வீட்டுக்கார ஐயா படியேறிப் போனார்.

"தம்பி, பொலிஸ் வந்தா உம்மட மேளத்தைப் பாக்காது. என்ர வீட்டில பதியாம எத்தினை பேர் இருக்கினம் எண்டுதான் எண்ணும்."

அன்றிலிருந்து மேளத்தார் அண்ணை தடியை வைத்துவிட்டு விரலால் பழகினார். திருநீறு தொடுவது போலத் தொடுவார். அது காதுக்குள் பெரிதாகக் கேட்கவேண்டும் என்று பெட்டியில் இருந்த குமிழ்களை எல்லாம் கடைசிவரைக்கும் திருகிவிட்டார்.

அடுத்த கலியாண வீட்டில், மெல்லிய பாட்டு ஒன்றுக்குத் தடியால் ஒரு தட்டுத் தட்டினார். மண்டபம் அதிர்ந்தது. மெல்லத் தட்டினாலும் அதே அதிர்வு, ஓங்கி அடித்தாலும் அதே அதிர்வு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த கிழவர் ஒருவர் மேசைக்குக் கீழே போய்விட்டார். போகும்போது சாப்பிட்டுக்கொண்டிருந்த ரோல்ஸ் தட்டையும் மறக்காமல் கொண்டுபோனார்.

கோஷ்டித் தலைவர் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணை, இன்னும் ஒரு கலியாணம் பாப்பம். சரிவராட்டி கீபோட்டுக்குள்ளயே மேளம் இருக்கு. அதுக்குச் சாப்பாடும் தேவையில்லை."

அண்ணை என் கதவில் வந்து நின்றார். "தங்கச்சி, ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ. நான் கடையில இருக்கிறது உயிரோட இருக்க. அடிக்கேக்க மட்டும்தான் மனுசனா இருக்கிறன்."

நான் யாரோடும் கதைக்காதவள். என்னை மேலே கூட்டிப்போய், என் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டார். மெல்ல அடித்தார்: டம். பலமாக அடித்தார்: டம்.

"எப்பிடி?"

"நல்லா இருக்கு."

மூன்று நாள், எது கேட்டாலும் நல்லா இருக்கு என்றே சொன்னேன். நாலாம் நாள் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, தையல் மெசினைப் பார்த்தபடி சொன்னேன்: "ரெண்டும் ஒண்டுதான், அண்ணை. மெசினிலயும் திருகாணியை முழுக்க இறுக்கினா நூல் அறுந்துதான் போகும். கொஞ்சம் இளக்கிப் பாருங்கோவன்."

மேலே போய்க் குமிழ்களை இளக்கினார். இப்போது விரல் தொட்டால் கேட்கவே இல்லை. தடியை எடுத்து நிசமாகவே அடிக்கவேண்டும். அடித்தார். என் தையலில் தூசி கொட்டியது. வீட்டுக்கார ஐயா ஓடி வந்தார்.

"நான்தான் அடிக்கச் சொன்னனான்" என்றேன்.

ஐயா மேளத்தை மறந்துவிட்டார். "இந்தப் பிள்ளைக்குக் கதைக்க வருமே?" என்று ஐந்து நிமிடம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "கோச்சி போகேக்க மட்டும் அடிக்கட்டும்" என்றார்.

அந்த ரயில் கோச்சிதான் அவருக்கு வாய்த்த பள்ளிக்கூடம். தெகிவளைப் பக்கம் ரயில் வருகிற சத்தம் ஊசிமுனை போல ஆரம்பிக்கும். அப்போது அவரும் ஊசிமுனை போலத்தான் அடிக்கலாம். கூட்டினால் ஐயாவுக்குக் கேட்டுவிடும். ரயில் வளர அவரும் வளர்வார். வீட்டைக் கடக்கும்போது உள்ள பலமெல்லாம் போட்டு அடிப்பார். பம்பலப்பிட்டிப் பக்கம் அது தேயத் தேய அவரும் தேய்வார். ரயில் பிந்தினால் தடியைத் தூக்கியபடி காத்திருப்பார். சாப்பாடு ஆறிப்போகும்.

அடுத்த கலியாணத்துக்கு என்னையும் ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனார். கடைசிக் கதிரையில் இருத்தினார்கள். மெல்லிய பாட்டு வந்தது. அண்ணை எங்கோ தூரத்தில் தொடங்கினார். சனம் கதையை விட்டுத் திரும்பியது. கிட்ட வந்தார், நெஞ்சுக்குள்ளே வந்துவிட்டார், பிறகு மெல்ல மெல்ல விலகிப் போனார். கீபோட் வாசித்த கோஷ்டித் தலைவர் தன்னுடைய பெட்டியின் மேளப் பொத்தானைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது அண்ணை கேட்டார்: "தங்கச்சி, கடைசி அடி கேட்டதோ? பூவை வைக்கிற மாதிரி வைச்சனான்."

அந்த நேரம் என் தலைக்கு மேலே மண்டபத்து ஃபான் கரகரத்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்தக் கடைசி அடி கேட்கவே இல்லை.

"வடிவாக் கேட்டது, அண்ணை" என்றேன். ஓட்டோக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்.