உப்பு வண்டிக்குப் பொன்னாடை

கடல் எட்டாத மேட்டு நிலத்தில் பொன்மேடை என்றொரு நாடு இருந்தது. அங்கே உப்பைத் தவிர எல்லாம் விளைந்தது. உப்பு கடற்கரையிலிருந்து மாட்டு வண்டியில் வரவேண்டும்.

புருஷன் போன பிறகு, அவர் நட்ட மரத்து மாவடுவை ஊறவைத்து விற்றுத்தான் செங்கமலம் பிழைத்தாள். அந்த வருஷம் காய் பறித்தாயிற்று, ஜாடிகளைக் கழுவிக் காயவைத்தாயிற்று, உப்பு மட்டும் வரவில்லை. பறித்த மாவடு யாருக்காகவும் காத்திருக்காது.

அரசர் ஓர் ஆணை போட்டிருந்தார். நம் நாட்டுக்கு வருவது உப்பே ஆனாலும் அது விருந்தாளி. ஒவ்வொரு சாவடியிலும் வண்டிக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். போர்த்தும் செலவு உப்பின் விலையில் ஏறியது. வண்டிகள் தாமதமாகின்றன என்று புகார் எழுந்ததும், விரைவுத் துறை என்று புதிதாக ஒன்றை ஏற்படுத்தி அமைச்சரையும் போட்டார்கள். அவர் சாவடிதோறும் வந்து, மேடையேறி விரைவைப் பற்றிப் பேசி, கொடியசைத்த பிறகே வண்டி நகரலாம். பேச்சு நீளமானது.

காய்களில் சில அழுகத் தொடங்கியபோது வண்டி வந்தது. கூடவே, தாமதத்தை நேரில் ஆராய அமைச்சரும் வந்தார்.

வண்டி நிறையப் பளபளவென்று பொன்னாடைகள்.

"உப்பு எங்கேப்பா?" என்றாள் செங்கமலம்.

"அடியில ஒரு மூட்டை கிடக்கும் யக்கா," என்றான் வண்டிக்காரன் முத்தாண்டி. "பாரம் தாங்காம மாடு படுத்துக்கிச்சு. அரசாங்கம் போர்த்தின துணியக் கீழ போட்டா ஜெயிலு. உப்பக் கொட்டினா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அமைச்சர் தொண்டையைச் செருமினார். "அம்மையீர், வரத்து தடைபடவில்லை. வந்துகொண்டே இருக்கிறது. இனியும் வந்துகொண்டே இருக்கும்."

செங்கமலம் அழுகிய காய்களைப் பார்த்தாள். அமைச்சரின் தோளைப் பார்த்தாள்.

"தம்பி, ஐயாவுக்கு மரியாதை செய்யணும். ஒவ்வொண்ணா எடுத்துக் குடு."

போர்த்த வரும் பொன்னாடையை மறுப்பது பொன்மேடையில் ராஜத் துரோகம். அமைச்சர் கும்பிட்டபடியே நின்றார். முதலில் தோள் மறைந்தது, பிறகு காது. வண்டி பாதி காலியானபோது கும்பிட்ட கை மட்டும் வெளியே தெரிந்தது. உள்ளிருந்து, "போதும், மக்களின் அன்பு போதும்," என்றொரு குரல் கேட்டது.

"இன்னும் இருக்குங்க ஐயா," என்றான் முத்தாண்டி.

அடியில் உப்பு மூட்டை அகப்பட்டது. மிச்சக் காய்களை ஜாடியில் போட அது போதுமாயிருந்தது.

கழுத்து பிசகிய அமைச்சரை வைத்தியர் படுக்கையில் போட்டார். பேச ஆளில்லாத மேடைகளைச் சாவடிக் காவலர்கள் பிரித்து அடுக்கினார்கள். பொன்னாடை போர்த்துவதும் அமைச்சர் முன்னிலையில்தான் என்று ஆகியிருந்ததால், கொடிக்கும் பொன்னாடைக்கும் நிற்காமல் வண்டிகள் வந்தன. உப்பு மலிந்தது. செங்கமலம் இரண்டாம் முறையும் காய் பறித்தாள்.

செய்தி அரசருக்கு எட்டியது. அவர் மனம் நெகிழ்ந்து, படுக்கையில் இருந்தபடியே வரத்தைச் சீராக்கிய அமைச்சருக்குப் பெரும் பாராட்டு விழா அறிவித்தார். விழாவுக்கு வழிவிட்டு, உப்பு வண்டிகளெல்லாம் எல்லையிலேயே நிறுத்தப்பட்டன.

தண்டோராவைக் கேட்ட செங்கமலம், பறித்த காய்களை ஈரத் துணியால் மூடினாள். பிறகு உள்ளே போய், அன்று அமைச்சர் விட்டுப்போன பொன்னாடைகளை எடுத்து ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினாள்.