மூலையில் நின்ற மாப்பிள்ளையும் ராகி மால்ட் கம்பெனியும்

பேரிகை.

மத்தூரில் இருக்கும் அன்பு மாப்பிள்ளை மாதேஸ்வரன் அவர்களுக்கு, உங்கள் அக்காள் ருக்மணியின் வீட்டுக்காரன் சென்னப்பன் எழுதுவது. இங்கு பேரிகையில் நானும் உங்கள் அக்காளும், ஓசூரில் சரிதாவும் மருமகனும் சௌக்கியம். அங்கு நீங்களும் தங்கை ரூபாவும் பிள்ளைகளும் அப்படியே இருக்கச் சாமியை வேண்டுகிறேன். நீங்கள் என் போனை எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பிலும் பிளாக் செய்து வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் கடிதம். கிழித்துப் போடாமல் கடைசிவரை படிக்கவும், சமாசாரம் அப்படிப்பட்டது.

ஓசூர் பேக்டரியிலிருந்து ரிட்டையர் ஆனதும் உங்கள் அக்காளின் கைப்பக்குவத்தை நம்பி ராகி மால்ட் வியாபாரம் தொடங்கினேன் அல்லவா, அதற்கு ‘ராயல் கிங்’ என்று பெயர் வைத்து, கிரீடம் போட்ட சிங்கம் ஒன்றையும் வரைய வைத்திருந்தேன். பாக்கெட் அச்சடிக்கக் கொடுக்கப் போகும் நேரத்தில், விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கும் சரிதா குறுக்கே வந்து, “அப்பா, பிராண்டுன்னா நமக்குப் புடிச்சது இல்ல, வாங்கறவங்க மனசுல நிக்கிறது. மொதல்ல அவங்களக் கேளுங்க” என்றாள். சரி என்று பேரிகைச் சந்தையில் கடை போட்டு, ஆளுக்கு ஒரு டம்ளர் மால்ட் கொடுத்து, சிங்கத்தைக் காட்டிக் கருத்துக் கேட்டேன். ஒருவர் இது சிமெண்டா என்றார். இன்னொருவர் லாரி ஆபீஸ் எந்தப் பக்கம் என்று விசாரித்தார். ஒரு குழந்தை சிங்கத்தைப் பார்த்து அலறி, குடித்த மால்ட்டை என் வேட்டியில் கக்கியது. அதையும் கருத்தாக எடுத்துக்கொள்ளச் சொன்னாள் சரிதா. நான் நொந்துபோய் உட்கார்ந்திருந்தபோதுதான் கவனித்தேன், எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். மேலே இருந்தது நீங்கள்.

பதற வேண்டாம், விளக்குகிறேன். சரிதா கல்யாண பிளெக்ஸில் தாய்மாமனை நடுவில் போடாமல் மூலையில் போட்டுவிட்டோம் என்று பந்தியில் உட்காராமலே பஸ் ஏறிப் போனீர்கள். அது பிளெக்ஸ் கடைக்காரர் செய்த வேலை என்று எத்தனை தரம் சொல்லியும் நீங்கள் கேட்கவில்லை. அந்தப் பிளெக்ஸை வீணாக்க மனமில்லாமல் சந்தைக் கடைக்கு வெயில் மறைப்பாகக் கட்டப் போனேன், நீளம் அதிகம். நடுவிலிருந்த மணமக்களை வெட்டி மாட்டுக்கொட்டகை மேல் போட்டதில், கடைக்குச் சரியான அளவில் மிஞ்சியது உங்கள் மூலைதான். உங்கள் கல்யாணப் போட்டோவிலிருந்து ரூபாவை எடுத்துவிட்டு உங்களை மட்டும் போட்டிருந்தார்கள் அல்லவா, இருபது வருஷத்துக்கு முந்தின முகம், கழுத்தில் ரோஜா மாலை, கும்பிட்ட கை. எழுத்தெல்லாம் மடிப்புக்குள் போய்விட்டது. அந்த முகம் சந்தையையே மயக்கிவிட்டது, மாப்பிள்ளை.

ஒரு கன்னடக்காரம்மா “பாப, ஒள்ளே மனுஷ்யா” என்றார், பாவம், நல்ல மனுஷனாம். தெலுங்கு பேசும் தக்காளி வியாபாரியும் அதையே “மஞ்சோடு, பாபம்” என்று உச்சுக்கொட்டினார். நம் ஆட்கள் “பாவம், சின்ன வயசு” என்றார்கள். மூன்று பாஷையிலும் ஒரே கருத்து கிடைப்பது பெரிய கம்பெனிகளுக்கே நடக்காத காரியம் என்றாள் சரிதா. ஒருவர் மீதிச் சில்லறையை வாங்காமல் உங்களைக் கும்பிட்டுவிட்டுப் போனார். பூக்கார சாந்தம்மா வாராவாரம் உங்கள் படத்துக்குக் கீழே ஒரு முழம் சாமந்தி வைத்துவிட்டு இரண்டு பாக்கெட் வாங்கிப் போகிறார். உங்கள் அக்காளோ கடை திறந்ததும் முதல் வேலையாக, “எந் தம்பி, எந் தம்பி” என்று சொல்லிக்கொண்டே உங்கள் முகத்தைத் துடைக்கிறாள், துடைக்கும்போதே கண் கலங்குகிறாள். அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் வாங்குகிறார்கள்.

ஆகவே சிங்கத்தை விரட்டிவிட்டேன். இனி நம் சரக்கு ‘மாதேஸ்வரன் ராகி மால்ட்’. பாக்கெட்டின் நடுவில், கவனிக்கவும், நட்டநடுவில் உங்கள் படம். ஆனால் உங்கள் சம்மதம் இல்லாமல் அச்சுக்குக் கொடுக்க உங்கள் அக்காள் விடமாட்டேன் என்கிறாள். “எந் தம்பி இங்க வந்து அவன் வாயால சரின்னு சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்” என்கிறாள். அவளுக்கு வேண்டியது பிராண்டு இல்லை, நீங்கள் வாசலில் வந்து நிற்பதுதான். எனக்கும் அதுதான். வரும் சந்தைக்குக் கண்டிப்பாக வந்து, படத்துக்குக் கீழே அதேபோல் கும்பிட்டு நில்லுங்கள். ஜனங்கள் உங்களை நேரில் பார்த்தால் என்ன ஆகும் என்று நினைக்கும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

தங்கை ரூபாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். நீங்கள் நீண்ட ஆயுளோடு இருந்து நம் கம்பெனிக்கு முகம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் என்றும் கோபமில்லாத
சென்னப்பன்

பின்குறிப்பு: மேலே எழுதியதெல்லாம் ரத்து. சந்தைக்கு வர வேண்டாம். இன்று சரிதா சாந்தம்மாவிடம், “இவர உங்களுக்கு ஏன் புடிச்சிருக்கு?” என்று கடைசியாக ஒரு கருத்துக் கேட்டாள். “செத்துப்போனவரப் புடிக்கும் புடிக்காதுன்னு சொல்லலாமா கண்ணு? தம்பி படத்த வெச்சு அழுதுக்கிட்டே பொழைக்குதே அந்தம்மா, அதுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னுதான் சந்தையே வாங்குது” என்றார். மாலையும் கும்பிட்ட கையும் கண்ணீர் அஞ்சலி ஆகிவிட்டன, மாப்பிள்ளை. உங்கள் அக்காள் அந்த நிமிஷமே பிளெக்ஸைக் கழற்றிச் சுருட்டிவிட்டு, “எந் தம்பிய உசுரோட பாத்தாத்தான் எனக்குத் தண்ணி எறங்கும்” என்று மத்தூருக்குக் கிளம்பிவிட்டாள். கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். சிங்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் போனது மாதிரி அவளைச் சாப்பிடாமல் மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.